இரத்மலானையில் நிற்கும் பழைய விமானங்களும் ஒரு பிள்ளையின் கேள்வியும்

 கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

சென்ற தவணை தரம் 9 பிள்ளைகளை இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குக் கூட்டிப்போனோம். வழமையாகத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைதான். இம்முறை அதே காலி வீதியில் இன்னும் கொஞ்சத் தூரம் போனோம், அவ்வளவுதான். ஆனால் போவதற்கு முன்பே பெற்றோரிடமிருந்து இரண்டு முறைப்பாடுகள் வந்தன. "பழைய இரும்பு பார்க்கவா சேர் காசு கட்டச் சொல்றீங்க?" என்றார்கள் சிலர். "யுத்த சாமான்களைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்டணும்?" என்றார்கள் வேறு சிலர். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம்.

முதலில் பழைய இரும்பு. பஞ்சிகாவத்தைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு நாங்கள் அதை இளக்காரமாகப் பேசலாமா? நான்கு உடைந்த வாகனத்தைக் கழற்றி ஓடுகிற ஒன்றை உண்டாக்குகிறவர்கள் எங்கள் ஆட்கள். உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் பழைய போர் விமானங்களில் பல அப்படித்தான் மிஞ்சின. லிபரேட்டர் என்ற நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானத்தை அமெரிக்கா 18,000க்கு மேல் செய்தது. யுத்தம் முடிந்ததும் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. இந்தியாவில் கான்பூரில் நின்றவற்றை வேறு யாரும் பாவிக்கக்கூடாது என்று உடைத்து, இயந்திரத்துக்குள் மண்ணும் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குப்பையைப் பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை விடவில்லை. ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி ஓரளவுக்கு ஒட்டிய விமானங்களை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே திருத்தி நாற்பதுக்கு மேல் எழுப்பினார்கள். இந்திய விமானப்படை 1968 வரை அவற்றைப் பறக்கவிட்டது. பிறகு பிரித்தானியா, கனடா, அமெரிக்காவின் அரிசோனா என்று பல நூதனசாலைகள் கேட்டு வாங்கிப் போயின. செய்தவர்களிடம் இல்லாமல் போன பொருளைத் திருத்தியவர்களிடம் போய்க் கேட்டார்கள். சுத்தமான பஞ்சிகாவத்தை வேலை!

எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. எங்கள் தெற்கில் கொகலையிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் வரைக்கும் 1943 தொடக்கம் கட்டலினா என்ற கடல் விமானங்கள் பயணிகளையும் கடிதங்களையும் கொண்டுபோயின. சில வேளை 30 மணி நேரத்தையும் தாண்டிய ஒரே பறப்பு, வழியில் இரண்டு தடவை சூரியன் உதிக்கும். யுத்தம் முடிந்த பிறகு, அமெரிக்காவிடம் இரவலாக வாங்கிய பொருள் என்ற காரணத்தால், நல்ல நிலையில் இருந்த அந்த விமானங்களைக் கடலில் கொண்டுபோய் அமிழ்த்திவிட்டார்கள்.

சரி, எங்கள் கொழும்பு? 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. புதுக்கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற துறைமுகத்துக்கு மேல் ஜப்பானின் 120க்கும் அதிகமான விமானங்கள். முதல் நாள்தான் கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் கொகலையிலிருந்து கட்டலினாவில் பறந்துபோய், ஜப்பானியக் கப்பல்படையைக் கண்டு தகவல் அனுப்பிவிட்டுச் சுடப்பட்டுக் கடலில் விழுந்திருந்தார். கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடல் அப்போது விமான ஓடுபாதை. ஜப்பானியருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அங்கிருந்தும் இரத்மலானையிலிருந்தும் ஹரிகேன் விமானங்கள் எழும்பின. பிரித்தானியர் இருபதுக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தார்கள். ஜப்பானியரின் சொந்தக் கணக்கில் அவர்கள் இழந்தது 7. அன்றைய அறிவிப்புகளில் அது பல மடங்காக இருந்தது, யுத்தக் காலத்துக் கணக்கு என்றால் அப்படித்தான். அங்கொட மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. கொழும்புச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியது.

குதிரைப்பந்தயத் திடலில் இன்று கடைகளும் றக்பி மைதானமும். வார இறுதியில் பிள்ளைகளோடு போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வருகிறோம். அங்கே ஒரு ஹரிகேனும் இல்லை. ஆனால் இரத்மலானையில் பேலியோல் என்ற பயிற்சி விமானம் இருக்கிறது. 1950களில் றோயல் சிலோன் விமானப்படை வாங்கிய 12இல் தப்பியது. அதன் முகப்பில் பொருத்தியது மேர்லின் இயந்திரம். 1942இல் எங்கள் தலைக்கு மேல் இரைந்த ஹரிகேனுக்குள் இருந்த அதே இனம். உலகத்தில் பேலியோல் விமானங்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் மிச்சம். இதைத்தான் பழைய இரும்பு என்றீர்கள்.

இரண்டாவது முறைப்பாடு இலகுவானதல்ல. அங்கே போன பிறகுதான் எங்களுக்கே விளங்கியது.

பையன்கள் மிக்-17ஐச் சுற்றி செல்பி எடுத்துக்கொண்டு நின்றார்கள். புகாரா விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை மட்டும் தனியாக நின்றாள். ஆர்ஜென்டினாவிடம் 1990களில் வாங்கிய நான்கில் மூன்று அழிந்து, மிஞ்சிய ஒன்று அது. "இது யாருக்கு மேல குண்டு போட்ட சேர்?" என்று கேட்டாள். அவளுடைய உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 ஒக்டோபரில் கையில் கிடைத்ததோடு ஊரைவிட்டு விரட்டப்பட்டவர். அதற்கு முன்னால் விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே புகுந்தவரும் அவர்தான். விரட்டியது ஒரு தரப்பு, மேலே பறந்தது இன்னொரு தரப்பு. அந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கத்திலும் நிற்க இடமில்லை. பாடம் நடத்தப் போன நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அந்தக் கேள்வி வடக்கோடு மட்டும் முடிவதுமில்லை. பக்கத்தில் நின்ற ஜெட் ப்ரொவோஸ்ட், 1959இல் வரத் தொடங்கிய எங்கள் முதல் ஜெட் வகை. களஞ்சியத்தில் கிடந்தவற்றை அவசரமாக வெளியே எடுத்தது 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது. குண்டு விழுந்தது தெற்கின் சிங்கள இளைஞர்கள் மேல். அதே வருடம் சோவியத் நாடு தந்ததுதான் பையன்கள் செல்பி எடுத்த மிக்.

விமானத்தை நிறுத்திவைப்பது எங்கும் நடக்கிறது. அதன் கதையை முழுமையாகச் சொல்வதுதான் எங்கும் கஷ்டம். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட எனோலா கே விமானத்தை 1995இல் வொஷிங்டன் ஸ்மித்சோனியன் நூதனசாலை காட்சிக்கு வைக்கப் போனது. கீழே செத்தவர்களின் பொருட்களையும் சேர்த்துக் காட்டத் திட்டமிட்டார்கள். முன்னாள் படைவீரர்களின் சங்கங்கள் எதிர்த்தன, திட்டம் கைவிடப்பட்டது. விமானம் மட்டும் காட்சிக்கு வந்தது. பெரிய வல்லரசாலேயே முடியாமல் போனதை ஒரு அறிவித்தல் பலகையில் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று எங்களில் ஒருவர் சொன்னார். அது ஓரளவு உண்மை. விமானிகளிலும் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை, அந்த வீடுகளிலும் உம்மாமார் இருந்தார்கள் என்பதும் உண்மை.

ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல் விட்டால் கேள்வி இல்லாமல் போகுமா? வீட்டில் யாரும் பேசாத விஷயத்தை அவள் ஒரு விமானத்தின் இறக்கைக்குக் கீழே நின்று கேட்டாள். விமானம் அங்கே இருந்தபடியால்தான் கேட்டாள். அது உருக்கப்பட்டு அலுமினியச் சட்டியாகியிருந்தால் யார் கேட்பது? ஆகவே இவை நிற்கட்டும், நன்றாகப் பராமரிக்கட்டும். பலகையில் எழுதாததைச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களும் வீட்டிலுள்ளவர்களும் செய்ய வேண்டிய வேலை. இதுவரை நாங்கள் செய்யவில்லை, அதை ஒத்துக்கொள்கிறோம்.

திரும்பி வந்து ஒரு ஒப்படை கொடுத்தோம்: "விமானச் சத்தம் பற்றி வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்." ஜப்பான் குண்டு போட்ட நாளைப் பற்றி இரண்டு பிள்ளைகள்தான் கொண்டுவந்தார்கள், அதுவும் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் சொன்னது. அன்று ஏழு வயதாக இருந்தவருக்கு இப்போது 90 தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில், மஹல்லாவில் அப்படி ஒருவர் இருந்தால் போனில் பதிவு செய்யுங்கள், அல்லது எங்களுக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளோடு வருகிறோம். அந்தக் காலத்து முகமூடி, ரேஷன் அட்டை, படம் ஏதாவது அலுமாரிக்கு மேலே கிடந்தால் போத்தல் பேப்பர்காரருக்குக் கொடுக்க முன் ஒரு தரம் காட்டுங்கள்.

அடுத்த தவணை தரம் 8 பிள்ளைகளோடு மறுபடியும் இரத்மலானை போகிறோம், இன்ஷா அல்லாஹ். பஸ்ஸில் பெற்றோருக்கும் பத்து இடம் ஒதுக்கியிருக்கிறோம். முறைப்பாடு சொன்னவர்களுக்குத்தான் முதலிடம்.