வானத்துக் கண்ணுக்கு வரப்பு தெரிகிறது, வாரக்காரி தெரியவில்லை

'துல்லிய வேளாண்மை' என்றொரு சொல் புழங்குகிறது. விதையை, உரத்தை, தண்ணியை அளந்து கொடுப்பதாம். அதற்கு எந்தச் செயற்கைக்கோளின் படத்தை வாங்கலாம் என்று கருத்தரங்கம் போட்டுப் பேசுகிறார்கள். யாருடைய நிலத்துக்கு என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. 2004இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேளாண் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டம் தொடங்கியபோதும் சொட்டுநீர்க் குழாய் நிலம் வைத்திருந்தவன் வயலுக்குத்தான் போனது. கூலிக்காரியின் வீட்டுக்கா போனது?

நான் திருவானைக்காவலில் வங்கிக் குமாஸ்தா. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நெல்லும் வாழையும் விளைகிற மண். சிட்டா, அடங்கல் இல்லாமல் பயிர்க்கடன் மனுவை மேலே நகர்த்த எனக்கு அதிகாரமில்லை. அந்தக் காகிதக் கட்டோடு இப்போது 'செயற்கைக்கோள் மதிப்பெண்' சேர்க்கச் சொல்லி விற்பனைக்காரர்கள் வருகிறார்கள். சரி, அவர்கள் விரிக்கிற கடையை நம்முடைய அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர் சொச்சம். அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். அதாவது 22 சென்ட். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், இரண்டரை சென்ட். இரண்டும் இலவசம். தினம் ஒரு படம் என்று காசுக்கு விற்கிற கம்பெனி 3 மீட்டர் என்கிறது. வேலிக்கணக்கில் வைத்திருக்கிற மிராசுதாருக்கு இலவசப் படமே தாராளம். சேரிக்காரனின் ஒரு மா நிலத்துக்கு? 33 சென்டுக்குப் பதின்மூன்று புள்ளி. வரப்போரப் புள்ளிகளில் பக்கத்து வாழை கலந்துவிடும், பாதிதான் தேறும். இவன் பயிர் காய்ந்து கிடக்கும், படத்தில் அடுத்தவன் பச்சை தெரியும். இதற்குப் பெயர் துல்லியமாம்!

இன்னொன்று மேகம். சம்பா நிற்கிற ஐப்பசி, கார்த்திகையில் சாதாரணப் படக் கருவிக்கு வயல் தெரியாது. சந்தா கட்டினால் மேகத்தைப் படம் பிடித்துத் தருவான். ரேடார் மேகத்தை ஊடுருவும். நடவு வயலில் தேங்கிய தண்ணி ரேடார் அலையை அந்தப் பக்கம் திருப்பிவிடும், படம் கறுக்கும். பயிர் எழ எழ வெளுக்கும். 2014இல் ஏவிய சென்டினல்-1 இதைச் செய்கிறது. அதுவும் இலவசம். நம் வேளாண் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இதை வைத்துத்தான் டெல்டா நெல்லைப் பயிர்க் காப்பீட்டுக்காக அளந்தன. 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நைசாரும் போயிருக்கிறது. ஆகவே 'எதை வாங்கலாம்' என்ற கேள்விக்கு என் பதில்: நெல்லுக்கு இலவச ரேடாரை எடு, கம்பெனிக்குக் காசு அழாதே.

ஆனால் தோழர்களே, நம் சண்டை புள்ளியின் அளவோடு முடிவதில்லை. 2023 முதல் காப்பீட்டில் நெல் விளைச்சலைக் கணக்கிடும்போது குறைந்தது 30 சதவீதம் இந்தத் தொழில்நுட்பக் கணக்குக்கு எடை கொடுக்கிறார்கள். வயலில் என்ன நிற்கிறது என்று கோள் சொல்லும். யார் நட்டது, யார் களை பறித்தது என்று சொல்லாது. பெயர் வருவது பட்டாவிலிருந்து. "ரெண்டு மா வாரத்துக்குப் பண்றேன் சார், பேப்பர்லாம் ஐயர் வூட்லதான் இருக்கு" என்று என் மேஜை முன்னால் நிற்கிறவளுக்கு எந்தக் கோள் சாட்சி சொல்லும்? குத்தகைதாரரும் காப்பீட்டில் சேரலாம் என்கிறது விதி. குத்தகை உரிமையைப் பதிய 1969லேயே சட்டம் இருக்கிறது. எழுதிக் கொடுக்க நிலக்காரன் தயாரா? எழுதச் சொல்லிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் உண்டா?

பட்டாவின் யோக்கியதை நமக்குத் தெரியாதா? 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைத் தாழ்த்தப்பட்டோர் அல்லாதார் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அதில் எத்தனை நிலம் இன்று எவன் எவன் பெயரில்! அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்தப் பதிவேட்டின்மேல் செயற்கைக்கோள் படத்தை ஒட்டினால் பழைய திருட்டுக்குப் புது முத்திரை குத்தினதாகத்தான் ஆகும். பொய்ப் பெயரைத் துல்லியமாக்க ஒரு ராக்கெட்டா?

2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். சர்க்காருக்காக இறங்கத் தெரிந்த மாணவத் தோழர்களே, நமக்காகவும் இறங்குங்கள். கிராமத்து 'அ' பதிவேட்டை எடுங்கள், புலப்படத்தை எடுங்கள். லேண்ட்சாட்டின் 30 மீட்டர்ப் படங்கள் 1980களிலிருந்து இலவசமாகக் கிடக்கின்றன. தரிசு என்று ஏமாற்றிய இடத்தில் எந்த வருஷம் பயிர் நின்றது என்று அதில் தேடுங்கள். உழுதது யார் என்று சேரியிலுள்ள கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். படமும் வாய்மொழியும் பதிவேடும் ஒன்றாய் நிற்கட்டும்.

வங்கிகளிடமும் வருவாய்த்துறையிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உழுகிறவர் பெயரை அடங்கலில் எழுது. எழுதிவிட்டு எந்தக் கோளில் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்.