சட்டைப் பையில் கிடந்த அட்டை



போர்க்காலச் சட்டங்களை எளிய தமிழில் சொல்லும் தொடர் ஒன்று இந்த இதழில் தொடங்கும் என்று சென்ற மாதம் அறிவித்திருந்தோம். உடனே கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. வரவேற்றவர்கள் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. “குண்டு விழுகிற இடத்தில் சட்டமாவது, ஒன்றாவது? அதைப் பிள்ளைகளுக்கு வேறு சொல்லிக்கொடுக்க வேண்டுமா?” என்று ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். நாள்தோறும் செய்தி பார்க்கிற யாருக்கும் வரக்கூடிய கோபம்தான் அது. அதை மதிக்கிறேன். ஆனாலும் தொடரைக் கைவிடப் போவதில்லை. ஏன் என்று சொல்லவே இந்தப் பக்கம்.

சர்வதேச மனிதாபிமானச் சட்டம் போரை ஒழிக்க வந்த சட்டம் அல்ல. போர் மூண்ட பிறகும் காயம்பட்டவரையும், கைதியையும், ஆயுதம் ஏந்தாத ஊர் மக்களையும் காக்க வந்தது. 1859இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தவர்களைக் கண்டு துடித்த ஹென்றி துனான், அதிலிருந்து பிறந்த செஞ்சிலுவை இயக்கம், 1864இல் பத்தே பிரிவுகளோடு வந்த முதல் ஜெனீவா உடன்படிக்கை ஆகியவற்றை நம்மில் பலர் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. இந்தச் சட்டம், தன்னைக் கற்பிக்க வேண்டும் என்பதையும் ஒரு கடமையாகத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது.

1906ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு, படைவீரர்களுக்கு இதைக் கற்பிக்க வேண்டும், பொதுமக்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று அரசுகளைப் பணித்தது. 1949இல் வந்த நான்கு உடன்படிக்கைகளும் அதே கட்டளையைச் சொல்கின்றன, அதுவும் போர் வரும்வரை காத்திராமல் அமைதிக் காலத்திலேயே செய்யும்படி. இவற்றில் என்னை மிகவும் தொட்டது போர்க்கைதிகள் உடன்படிக்கையின் 41ஆம் பிரிவு. கைதி முகாம் ஒவ்வொன்றிலும் அந்த உடன்படிக்கையைக் கைதிகளின் சொந்த மொழியில், எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். அந்த இடத்துக்கு வர முடியாதவர் கேட்டால் அவருக்குத் தனியாகப் பிரதி தர வேண்டும். தோற்று, நிராயுதபாணியாக, எதிரியின் முள்வேலிக்குள் நிற்கிறான் ஒருவன். அவனுக்கும் தன் உரிமை என்னவென்று தன் மொழியில் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர்களை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

ஆனால் ஒட்டி வைப்பதும் அச்சிட்டுக் கொடுப்பதும் மட்டும் போதுமா? வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சிறிய அட்டைகள் தரப்பட்டன. அவற்றில் ஒன்று, பிடிபட்ட எதிரியை எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றியது. கைதியைத் துன்புறுத்தக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, மருத்துவம் மறுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் தெளிவாகவே இருந்தது. 1968 மார்ச் 16ஆம் தேதி மி லாய் கிராமத்துக்குள் புகுந்த படைக்கும் இந்த விதிகள்தான். அன்று அங்கே கொல்லப்பட்டவர்கள் அமெரிக்க ராணுவக் கணக்கில் 347 பேர். வியட்நாமியர் எழுப்பிய நினைவிடத்தில் 504 பெயர்கள் உள்ளன. பெண்கள், முதியவர்கள், கைக்குழந்தைகள். எதிர்த்துச் சுட ஆளே இல்லாத ஊர்.

பின்னர் ஜெனரல் பீர்ஸ் தலைமையில் விசாரணை நடந்தது. அந்தப் பிரிவுக்குப் போர்ச்சட்டப் பயிற்சி போதுமான அளவு தரப்படவில்லை என்று அது கண்டது. அட்டைகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அவற்றைப் படிக்காமலே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தொடரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டைதான் நினைவுக்கு வருகிறது. சட்டம் அவர்களுடைய உடம்போடு ஒட்டித்தான் இருந்தது. அறிவுக்குள் போய்ச் சேரவில்லை.

அதே நாளில் அதே ஊரின் மேலே ஹெலிகாப்டரில் பறந்த ஹியூ தாம்சன் என்ற விமானி, கீழே நடப்பதைக் கண்டு, தப்பியோடும் மக்களுக்கும் தன் நாட்டு வீரர்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். “நம்மவர்கள் இந்த மக்களைச் சுட்டால் நீங்கள் நம்மவர்களையே சுடுங்கள்” என்று தம் சகாக்களிடம் சொன்னார். சிலரைக் காப்பாற்றினார், மேலிடத்துக்குத் தகவலும் கொடுத்தார். அதற்கான பதக்கம் அவருக்குக் கிடைக்க 1998 வரை ஆனது. ஒரு தாம்சன் இருந்தது அந்த ஊரில் சிலருடைய நல்வினை. ஆனால் நூற்றுக்கணக்கான உயிர்களை அப்படி ஒரு தனிமனிதரின் மனசாட்சியை நம்பி விட்டுவிட முடியாது. கட்டளை வந்தாலும் இதைச் செய்யக் கூடாது என்று சாதாரண வீரன் ஒவ்வொருவனுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மி லாய்க்குப் பிறகு அமெரிக்க ராணுவம் போர்ச்சட்ட வகுப்புகளைச் சட்ட அதிகாரியும் களம் கண்ட அதிகாரியும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று வகுத்ததற்கும், 1974இல் போர்ச்சட்டப் பயிற்சிக்கென்றே பாதுகாப்புத் துறை ஆணை பிறப்பித்ததற்கும் அந்த ஊரின் பிணங்களே காரணம். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

எப்படிக் கற்பித்தால் மனத்தில் தங்கும்? இந்தச் சட்டத்துக்கென்றே 1989 முதல் நடந்துவரும் ஜான் பிக்தே போட்டியில் சட்ட மாணவர்கள் மூவர் மூவராக வந்து, ஒரு கற்பனைப் போருக்குள் இறக்கிவிடப்படுகிறார்கள். ஒரு வேளை ராணுவ ஆலோசகர், ஒரு வேளை செஞ்சிலுவைப் பணியாளர், ஒரு வேளை கிளர்ச்சிப் படையின் பிரதிநிதி என்று அவர்கள் மாறி மாறி நடிக்க வேண்டும். நேற்று எந்தப் பக்கத்துக்காக வாதாடினார்களோ அதன் எதிர்ப்பக்கத்தில் இன்று உட்கார வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

சோமாலியாவில் செஞ்சிலுவைக் குழு வேறு வழியில் போனது. போரில் யாரையெல்லாம் ஈட்டி தொடக் கூடாது என்று அந்த மக்களிடம் வழிவழியாக இருந்த மரபையே தொகுத்து, அதன் வழியாகப் பேசியது. நமக்கும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்கும் முன் பசுக்களையும், பெண்களையும், பிணியாளர்களையும், இன்னும் சிலரையும் பாதுகாப்பான இடம் தேடிப் போகச் சொல்லி அறிவித்ததைப் பாடுகிறார். வகுப்பில் இதிலிருந்து தொடங்கலாம். ஆனால் இதோடு நிறுத்திவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடாது. இன்றைய சட்டம் இன்னும் ஓர் அடி மேலே செல்கிறது. எச்சரித்த பிறகும் போக முடியாமல் தங்கிவிட்டவர்கள் அப்போதும் குடிமக்கள்தாம், அவர்களைக் குறிவைக்க யாருக்கும் உரிமை கிடைத்துவிடாது. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான்.

ஈழத்து வாசகர்கள் இதைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்பது எனக்குப் புரிகிறது. இலங்கைப் போரில், 2009 பிப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதைச் செஞ்சிலுவைக் குழுவே வெளிப்படையாக அறிவித்தது. புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களை அதே குழு கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனது. மருத்துவமனையைத் தாக்கக் கூடாது என்ற விதி அன்றும் இருந்தது. விதி இருந்தும் இப்படி நடந்ததே என்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். நடந்தது துரதிர்ஷ்டம் அல்ல, சட்டமீறல் என்று பெயர் சொல்லிக் கேட்கவும், சாட்சியைப் பத்திரப்படுத்தவும், பதில் வரும்வரை விடாமல் கேட்கவும் அந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் தெருவிலேயே செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. டாக்டர்களின் காரில், மருந்துக்கடைப் பலகையில், தனியார் ஆம்புலன்ஸில் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையைப் பார்க்கிறோம். அது மருத்துவத்துக்கான பொது அடையாளம் என்றே பலரும் நம்புகிறார்கள். அப்படி அல்ல. ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் செஞ்சிலுவை இயக்கத்துக்கும் உரியது அது. போர்க்களத்தில் அதன் பொருள் “சுடாதே” என்பது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம். 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் சிறிதுதான், காரணம் பெரிது. கண்ட இடத்திலெல்லாம் ஒட்டப்படும் சின்னத்துக்கு, உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் யார் மதிப்புக் கொடுப்பார்கள்? உங்களுக்குத் தெரிந்த டாக்டரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் தெரியாமல் செய்கிறவர்கள்தாம்.

தொடரின் முதல் பகுதி இந்த இதழில், காயம்பட்டவர்களைப் பற்றி. அடுத்த மாதம் போர்க்கைதிகள். வகுப்பறையில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் தாராளமாகப் படியெடுத்துக்கொள்ளலாம். அனுமதி கேட்டு எழுத வேண்டியதில்லை. பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று மட்டும் எழுதுங்கள். கோபத்தோடு எழுதிய ஆசிரியையின் மாணவர்களிடமிருந்தும் கேள்விகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்