பணம் அரசாங்கத்தோடது, கணக்கு யாரோடது?

சென்னையில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று இருக்கும். வாசலில் டிரஸ்டு பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே பாடம் நடத்தும் வாத்தியாருக்குச் சம்பளம் யார் தருவது? அரசாங்கம். அதாவது நீங்களும் நானும்!

ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கிய பள்ளிகள் இதில் ஏராளம். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால், தர்மம் என்று போர்டு மாட்டிவிட்டால் கேள்வியே கேட்கக் கூடாதா?

94 பிஞ்சுகள்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரே கட்டிடத்தில் 3 பள்ளிகள். அதில் ஒன்று அரசு உதவி பெறும் பள்ளி. சமையல் கொட்டகையில் பிடித்த தீ, கூரை வேய்ந்த வகுப்புக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகிச் செத்தார்கள்.

அந்தக் கீற்றுக் கூரையும் குறுகலான படிக்கட்டும் ஒரே ராத்திரியில் முளைத்ததா? ஊரே பார்த்தது. சோதனை போடவேண்டிய அதிகாரிகள் கண்ணில் மட்டும் படவில்லை!

2014-ல் தஞ்சாவூர் கோர்ட்டு 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. கல்வி அதிகாரிகளும் அதில் உண்டு. 2017-ல் ஐகோர்ட்டு பலரை விடுவித்தது. போன உயிர் திரும்புமா?

வெறும் ஆலோசனை

உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம். நல்ல சட்டம்தான். 2012-ல் அதைத் திருத்தினார்கள். உதவி பெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாமாம்! சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

அரசுப் பணத்தில் பெரும்பகுதி நடக்கும் கல்வி நிலையங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று 2019-ல் அதே கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. சரி, மனு போடலாம். பிள்ளை அதே பள்ளியில் படிக்கும்போது எந்த அப்பன் துணிந்து போடுவான்? நாளைக்கே டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டால்?

போர்டில் எழுதுங்க!

அதனால் பெற்றோர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வருஷம் வந்த மானியம் எவ்வளவு, வாத்தியார் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை, வசூலித்த பணம் எவ்வளவு, கட்டிடச் சான்றும் தீயணைப்புச் சான்றும் எந்தத் தேதி வரை செல்லும்? எல்லாவற்றையும் வாசலிலேயே எழுதிப்போடச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போடட்டும். அதிகாரிகளும் முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்க்கட்டும்.

ஒழுங்காக நடக்கும் பள்ளிக்கு இதில் என்ன நஷ்டம்? ஒரு டப்பா பெயிண்டு செலவு. அவ்வளவுதான்!