அடி யார்மேல் விழுகிறது?

சென்னைப் புறநகரான சிட்லபாக்கத்திலிருந்து ரயில் பாதையையும் ஜி.எஸ்.டி. சாலையையும் தாண்டி வடமேற்கே போனால் பம்மல். 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது இரண்டு ஊர்களும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. பம்மலின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து நிலைக்கவைத்த சம்பந்த முதலியார் (1873–1964) எழுதிய நாடகங்களில் ‘மனோகரா’வைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். எனக்கு ‘சபாபதி’தான் பெரிது. இடறி விழுந்து, அடிவாங்கிச் சிரிக்கவைக்கும் கலைக்கு ஒரு நியாயம் உண்டு என்று காட்டிய படைப்பு அது. அந்த நியாயத்தைப் பின்னால் வந்த தமிழ் சினிமா பெரும்பாலும் கைவிட்டது. அதற்கு நடிகர்களைவிட, படங்களின் வடிவம் மாறியதே காரணம் என்பது என் வாதம்.

1941 டிசம்பரில் வெளிவந்த அதன் திரை வடிவத்தை ஏ.வி.மெய்யப்பனும் ஏ.டி.கிருஷ்ணசாமியும் இயக்கினார்கள். பணக்கார வீட்டு அசட்டுப் பிள்ளையாக டி.ஆர்.ராமச்சந்திரன், அவர் வீட்டு வேலைக்காரனாக காளி என்.ரத்னம். இருவருக்கும் ஒரே பெயர், சபாபதி. கதையின் சூட்சுமமே அதுதான். வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுப்பான். எஜமானனோ பரீட்சையில் தேற வழியில்லாமல் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பான். இரண்டு பேரில் யார் பெரிய அசடு என்பது கடைசிவரை தீராது. பாய்ஸ் கம்பெனி மேடைகளில் பழகிய உடம்பு ரத்னத்துடையது. குனிவதிலும் விழிப்பதிலும் ஓடுவதிலும் தாளம் தப்பாது. ஆனால், அவர் திட்டு வாங்கும்போது நாம் அவரை மட்டும் பார்த்துச் சிரிப்பதில்லை, திட்டுகிறவரையும் பார்த்துச் சிரிக்கிறோம். வேலையாளை அடிப்பதும் திட்டுவதும் சர்வசாதாரணமாக இருந்த காலத்தில் இது சின்னக் காரியம் அல்ல.

சபாபதியை வைத்து முதலியார் ஒன்றுக்கு மேற்பட்ட பிரகசனங்கள், அதாவது சிரிப்பு நாடகங்கள், எழுதினார். பிரகசனத்தில், பெயரைக் காப்பாற்றியாக வேண்டிய கதாநாயகன் கிடையாது. அதனால் யாரை வேண்டுமானாலும் தடுக்கி விழவைக்கலாம்.

பேசும்படம் வந்த புதிதில் திரையரங்கிலும் இந்தச் சுதந்திரம் இருந்தது. 1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வெளியானபோதே, கதையோடு சம்பந்தமில்லாத குறத்தி நடனத் துண்டுப்படம் ஒன்றும் சேர்ந்து ஓடியது. பிறகு புராணப் படங்களோடு ‘காமிக்’ என்று தனிக்கதை ஒன்றைக் காட்டுவதும் நடந்தது. 1939இல் வந்த ‘சிரிக்காதே’, அப்படிப்பட்ட சிறு நகைச்சுவைக் கதைகளையே கோத்து ஒரு படமாக்கியது. 1934இல் ஏ.நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோன் ஸ்டுடியோவைத் தொடங்கும்வரை தமிழ்ப் பேசும்படங்களுக்கு பம்பாய், கல்கத்தா போன்ற வெளியூர்களே கதி. மைக்குக்கு முன்னால் அசையாமல் நின்று பாட வேண்டிய காலம் அது. தேவர்களும் ராஜாக்களும் நின்ற இடத்தில் நின்று டஜன் கணக்கில் பாடிக்கொண்டிருக்க, மனித உடம்பு ஓடியதும் உருண்டதும் பெரும்பாலும் இந்த நகைச்சுவைத் துண்டுகளில்தான்.

என்.எஸ்.கிருஷ்ணன் இந்த முறையையே தன் பலமாக்கிக்கொண்டார். தன் குழுவை வைத்துக்கொண்டு, தானே காட்சிகளை யோசித்து, நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்துக் கொடுப்பார். தயாரிப்பாளர் அதைப் படத்தில் சேர்த்துக்கொள்வார். கதாநாயகனின் நிழலில் அவர் நிற்க வேண்டியிருக்கவில்லை. மூடநம்பிக்கையையும் தீண்டாமையையும் போலிப் பக்தியையும் அவரால் கேலி செய்ய முடிந்ததற்கு அவருடைய துணிச்சல் ஒரு காரணம் என்றால், தன் பகுதிக்குத் தானே எஜமானராக இருந்தது இன்னொரு காரணம். இரண்டாவதை நாம் அதிகம் பேசுவதில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் குறும்படமே அடிதடி நகைச்சுவையின் வீடாக இருந்தது. லாரலும் ஹார்டியும் ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டில் ஏற்றப் பாடுபடும் ‘தி மியூசிக் பாக்ஸ்’ 1932இல், நகைச்சுவைக் குறும்படத்துக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட ஆஸ்கர் விருதைப் பெற்றது. கடைசியில் கோடரியை எடுத்து அந்தப் பியானோவைப் பிளப்பவர் படித்த, மதிப்புள்ள பேராசிரியர். கூலிக்காரர்களைவிடப் பெரிய கோமாளி ஆகிறவர் அவர்தான். 1935க்குப் பிறகு இந்த ஜோடி முழுநீளப் படங்களுக்குப் போனது. அங்கே காதல் ஜோடிக்கும் பாட்டுக்கும் இடம் விட வேண்டியிருந்தது.

நம் ஊரில் குறும்படத்தின் இடத்தைப் பறித்ததில் உலகப் போருக்குப் பங்கு உண்டு. பிலிம் தட்டுப்பாட்டால் முழுநீளப் படங்களுக்கு 11,000 அடி என்று உச்சவரம்பு வந்தது. 1943இல், அரசு அங்கீகரித்த செய்திப் படங்களையும் பிரசாரப் படங்களையும் ஒவ்வொரு காட்சியிலும் திரையிட வேண்டும் என்று பாதுகாப்புச் சட்ட விதி கட்டாயப்படுத்தியது. விடுதலைக்குப் பிறகு அந்த இடத்தை பிலிம்ஸ் டிவிஷன் எடுத்துக்கொண்டது. முக்கியப் படத்துக்கு முன்னால் நகைச்சுவைக் குறும்படத்துக்கு இனி நேரமும் இல்லை, பிலிமும் இல்லை. நகைச்சுவை நடிகர் நாயகனின் தோழனாகப் படத்துக்குள் குடியேறினார்.

அங்கேதான் அடியின் திசை மாறியது. நாயகன்மேல் கை வைக்க முடியாது. எனவே நகைச்சுவை நடிகர் அடி வாங்குவார், அல்லது தனக்குக் கீழே ஒருவரைத் தேடிப் பிடித்து அடிப்பார். கவுண்டமணியின் உதையைச் செந்தில் வாங்கிக்கொண்டே இருந்தது தனிமனிதர்களின் ரசனைக் குறைவால் அல்ல. ஏ.வீரப்பன் எழுதிய ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியைப் பாருங்கள்: அடிவாங்கும் செந்தில்தான் தன் பதிலை விட்டு அசையாமல் நிற்கிறார், அடிப்பவர்தான் பைத்தியம் பிடித்து அலைகிறார். அந்தக் காட்சி இன்றும் சலிக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால், நிறத்தையும் உடம்பையும் கேலி செய்து விழும் நூற்றுக்கணக்கான அடிகளில் இந்த நியாயம் கிடையாது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் சுத்தியல் விழுவது காண்டிராக்டர் நேசமணியின் தலையில், அதாவது வேலை வாங்குகிறவர் தலையில். 2019 மே மாதம் அந்தக் காட்சி படத்திலிருந்து கழன்று, தனித் துண்டாக உலகம் சுற்றியது.

பழையதெல்லாம் பரிசுத்தம் என்று நான் சொல்லவில்லை. மனைவியை அடிப்பதும் திக்குவாயைக் கேலி செய்வதும் அன்றைய நகைச்சுவையிலும் உண்டு. அவற்றை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால், பார்த்தால்தானே எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று சொல்ல முடியும்? ‘காளிதாஸ்’ படத்துக்கே இன்று பிரதி கிடையாது. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும்; எஞ்சிய சுருள்கள் பலவற்றையும் வெள்ளிக்காக உருக்கினார்கள். முழுநீளப் படங்களுக்கே இந்தக் கதி என்றால், இலவச இணைப்பாகக் கருதப்பட்ட துண்டுப்படங்களை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்?

எஞ்சியிருப்பதைக் காட்டுவதற்குச் சட்டத் தடையும் இல்லை. திரைப்படங்களுக்கு இந்தியாவில் பதிப்புரிமை 60 ஆண்டுகள். 1941இல் வந்த ‘சபாபதி’க்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்ற கணக்குப்படி, சம்பந்த முதலியாரின் நாடகங்களும் இப்போது எல்லோருக்கும் பொது. தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்தை மாநில அரசு அமைக்க வேண்டும். பழைய தயாரிப்பாளர்களின் குடும்பங்களிடமும் திரையரங்குக் கிடங்குகளிலும் கிடக்கும் சுருள்களை அது கேட்டு வாங்கிப் படியெடுக்க வேண்டும். அதுவரை தாம்பரம் மாநகராட்சி காத்திருக்க வேண்டியதில்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரையிலோ பம்மலின் பள்ளி மைதானம் ஒன்றிலோ திரை கட்டி, குடியிருப்போர் நலச் சங்கங்களின் துணையோடு மாதம் ஒரு படம் காட்டலாம். ‘சபாபதி’யில் தொடங்கி ‘சிரிக்காதே’க்குப் போகலாம். நாடகப் பிரதி கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால், மூன்றாவது மாதம் பள்ளிப் பிள்ளைகளே சபாபதி பிரகசனம் ஒன்றை நடித்துக் கைப்பேசியில் குறும்படமாக எடுத்து அதே திரையில் போடலாம்.