தண்ணீர் எங்கே போகிறது?



டிசம்பர் லீவுக்கு எங்கே போகப் போகிறீர்கள்? ஊட்டியும் கூர்க்கும் பார்த்துச் சலித்த பெங்களூரு வீடுகளில், பனியில் சறுக்கியே ஆகணும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிற காலம் இது. குல்மார்க் இல்லையென்றால் ஔலி.

உத்தராகண்ட்டில் இருக்கும் ஔலியில்தான் 2011இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்தன. ஔலிக்கு வாசற்படி ஜோஷிமட் என்ற ஊர். பத்ரிநாத் யாத்திரை போன நம் மாமா, மாமிகளைக் கேளுங்கள், அங்குள்ள நரசிம்மர் கோயிலைப் பற்றிச் சொல்வார்கள்.

2023 ஜனவரியில் அந்த ஊரில் சுவர்கள் பிளந்தன. 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். குடியிருக்க லாயக்கில்லை என்று வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டார்கள். ஔலி ரோப்காரும் நின்றது.

பக்கத்து சைட்டில் பேஸ்மென்ட் தோண்டும்போது நம் சுவரில் ஒரு கீறல் விழுந்தாலே, அது எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்து, மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்ப்போம். ஊர் முழுக்க அப்படி என்றால்?

ஜோஷிமட் நிற்பதே பழைய மண்சரிவின் மேல். கனமான கட்டடங்கள் வேண்டாம், தண்ணீர் வடிய வழி செய்யுங்கள் என்று 1976இலேயே அரசு அமைத்த மிஸ்ரா கமிட்டி சொன்னது. அருகில் நடந்த நீர்மின் சுரங்க வேலைதான் காரணம் என்பது ஊர்க்காரர்கள் பலரின் குற்றச்சாட்டு. ஆனால் ஓட்டல்கள் பெருகிய அளவுக்குச் சாக்கடை வசதி பெருகவில்லை என்பதும் உண்மை. குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் அந்த மண்ணுக்குள்ளேயே இறங்கியது.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. டீக்கடைக்காரருக்கும், சறுக்கச் சொல்லித்தரும் இளைஞருக்கும் பனி விழும் அந்தச் சில வாரங்கள்தானே வருமானம்?

போங்கள். முடிந்தால் உள்ளூர்க் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். 2024 கோடையில் பெங்களூருவில் டேங்கருக்குக் காத்திருந்து ஒரு பக்கெட்டில் குளித்தோமே, அதே சிக்கனம் அங்கேயும் இருக்கட்டும்.

ரூம் புக் பண்ணும்போது கீசர் இருக்கா, வைஃபை இருக்கா என்று கேட்கிறோம். கூடவே, "கழிவுத் தண்ணீர் எங்கே போகுதுங்க?" என்றும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் ஓட்டல்காரர் சிரிப்பார். வருகிறவர்கள் எல்லாம் கேட்டால், குழாய் போட ஆள் கூப்பிடுவார்.

அன்புடன்,
ஆசிரியர்