விதை பாக்கெட் வேணாம், வத்தல் டப்பாவைத் திறங்க!

மாடியில் தொட்டி வைத்து மிளகாய் வளர்க்கப் போறேன்னு யாராவது வாயைத் திறந்தால் போதும், உடனே ஒரு மளிகை லிஸ்ட் நீட்டுகிறார்கள். கோகோபீட் கட்டி, மண்புழு உரம், நாற்றுத்தட்டு, தெளிப்பான், அப்புறம் அட்டையில் கொத்துக்கொத்தாய்க் காய் தொங்கும் வீரிய ஒட்டு விதை பாக்கெட். எல்லாம் சேர்த்து வாங்குகிற காசுக்கு ரெண்டு வருஷத்துக்கு மிளகாயே வாங்கிடலாம்.

என் கட்சி வேற. முதல்முதலா மிளகாய் போடுறவங்க விதை பாக்கெட்டே வாங்கக் கூடாது. அடுப்படியில் இருக்கிற வத்தல் டப்பாவில் இருந்துதான் ஆரம்பிக்கணும். அதுலயும் குண்டு வத்தலா இருந்தா ரொம்ப விசேஷம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே.

எங்க ஊர் மீமிசல். புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்கு மூலை, கடலோரம். ஈ.சி.ஆரில் இன்னும் கொஞ்சம் தெக்கால போனா எஸ்.பி.பட்டினம், அங்கேயே ராமநாதபுரம் மாவட்டம் ஆரம்பிச்சிடும். அப்புறம் ஆர்.எஸ்.மங்கலம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி என்று ஒரே முண்டு மிளகாய் ராஜ்ஜியம்தான். முண்டுன்னாலும் குண்டுன்னாலும் ஒண்ணுதான். உருண்டையா, தோல் பளபளன்னு, தாளிக்கும்போது எண்ணெயில் போட்டால் தெருமுனை வரைக்கும் வாசம் போகும். 2023 பிப்ரவரியில் 'ராமநாதபுரம் முண்டு மிளகாய்'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் புவிசார் குறியீடு காப்பாத்துறது பெயரை மட்டும்தான். அந்தப் பெயரைப் போட்டு வேற ஊர்க்காரன் விற்க முடியாது, அவ்வளவே. விதையைக் காப்பாத்துறது வருஷா வருஷம் அதை மண்ணில் போட்டு எடுக்கிற ஆட்கள்தான்.

இங்கதான் நம்ம பொட்டி தட்டுற தொழில் ஞானம் கொஞ்சம் உதவுது. வீரிய ஒட்டு விதை (எஃப் ஒன் என்று அட்டையில் போட்டிருக்கும்) ரெண்டு வேறு வேறு ரகத்தை ஒட்டுச் சேர்த்து உண்டாக்குவது. முதல் தலைமுறை பிரமாதமா காய்க்கும். அதில் வந்த பழத்தில் விதை எடுத்து மறுபடி போட்டால், ஒரு செடி தாத்தா மாதிரி, ஒரு செடி பாட்டி மாதிரி, ஒண்ணு யார் மாதிரியுமே இல்லாம வரும். அதனால் அடுத்த வருஷமும் கடைக்குத்தான் போகணும். சோர்ஸ் கோடு தராமல் ஓடுகிற புரோகிராமை மட்டும் கையில் கொடுத்த மாதிரி. முண்டு அப்படி இல்லை, நாட்டு ரகம். நல்ல பழமா பார்த்து எடுத்துப் போட்டால் பெரும்பாலும் அதே முண்டுதான் வரும். அமெரிக்காவில் 2012-ல் விதைகளுக்கே ஓப்பன் சோர்ஸ் மாதிரி ஒரு உறுதிமொழியோட இயக்கம் தொடங்கினார்கள். நம்ம நாட்டில் அதற்கு முன்னாடியே, 2001-ல் வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விவசாயி விதையை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பகிர்ந்துக்கலாம், விற்கவும் செய்யலாம் (பிராண்டு பெயர் ஒட்டித்தான் விற்கக் கூடாது) என்று எழுதியே வைத்திருக்கிறது. உரிமை இருக்கு. எடுத்து வைக்க ஆள்தான் குறைஞ்சுக்கிட்டே வருது.

வீரிய ஒட்டு போடுற விவசாயியை நான் குத்தம் சொல்லலை. கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் போடுறவருக்கு விளைச்சல்தான் முக்கியம், அவர் கணக்கு வேற. மாடியில் நாலு தொட்டி வைக்கிற நமக்கு என்ன நெருக்கடி? விளைச்சல் குறைஞ்சா கடையில் அம்பது கிராம் கூட வாங்கப் போறோம். கவலையில்லாமல் ஒரு நாட்டு ரகத்தை வளர்த்துப் பார்க்க நம்மளை விட்டா யாருக்கு வசதி இருக்கு?

சரி, எப்படிப் போடுறது?

பச்சை மிளகாயில் இருந்து விதை எடுக்காதீங்க. அது முத்தாத விதை. நல்லா சிவந்து பழுத்துக் காய்ந்த வத்தலாக, இந்த வருஷத்துச் சரக்காக வேணும். மாசி பங்குனியில் புது வத்தல் வரத்து நல்லா இருக்கும். வெயிலில் காய்ந்த வத்தலா என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குங்க. பத்து வத்தலை உடைத்தால் ஒரு தெருவுக்கே விதை கிடைக்கும். உடைச்ச கையோட கண்ணைத் தொட்டுடாதீங்க. (காரம் விதையில் இருக்குன்னு நம்ம வீடுகளில் சொல்வாங்க. உண்மையில் விதை ஒட்டியிருக்கிற வெள்ளைத் தண்டில்தான் இருக்கு. விதை அதோட உரசிக் கிடக்கிறதால அதுக்கும் கெட்ட பேர்.)

இருபது விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்க. ஒரு வாரம் பத்து நாளில் பாதிக்கு மேல் முளை கட்டினால் அந்த வத்தல் பாஸ். அப்புறம் சின்னத் தொட்டியில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி, லேசா மண் போட்டு மூடி, ஈரம் காயாமல் பாத்துக்கணும். நம்ம ஊர் சூட்டுக்கு ஹீட்டர், விளக்கு எதுவும் வேணாம். அதெல்லாம் குளிர் தேசத்துக்காரங்க எழுதிவைத்த குறிப்பு, அதைப் பார்த்து நாமளும் வாங்குறது சுத்த வேஸ்ட். முப்பத்தஞ்சு நாப்பது நாளில் ஆறு இலை விட்டதும், அடியில் ஓட்டை உள்ள பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. செம்மண், மக்கிய சாணம், கொஞ்சம் மணல் போதும். ஆடியில் போடலாம், புரட்டாசியிலும் போடலாம். பூக்கிற நேரம் கத்திரி வெயிலில் மாட்டாமல் இருந்தால் சரி, சூடு ஏறினால் பூ கொட்டிவிடும்.

எங்க மாதிரி கடலோர ஊர்க்காரங்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. மிளகாய்க்கு உப்புத் தண்ணி ஆகாது. போர் தண்ணியை ஊத்திட்டு இலை ஓரம் கருகுதேன்னு உரத்தைப் போட்டால் இன்னும் மோசமாகும், உரமும் ஒரு வகை உப்புதானே. மழைத்தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி ஊத்துங்க. வழியில்லாமல் போர் தண்ணி ஊத்தினால், வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியை நிறைய விட்டு அடி ஓட்டை வழியா உப்பை வெளியேத்துங்க. கோகோபீட் வாங்கினாலும் ரெண்டு மூணு தடவை அலசாமல் போடாதீங்க, அதிலயும் உப்பு இருக்கும்.

இலை சுருட்டல் கண்டிப்பா வரும், பயப்படாதீங்க. மேல் நோக்கிக் கப்பு மாதிரி சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ் நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன், செடி குட்டையாகி இலை மொத்தமா சுருங்கி மஞ்சளடித்தால் வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். முதல் ரெண்டுக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல் ஓரளவு கேட்கும், ஆரம்பத்திலேயே அடிக்கணும். மூணாவதுக்கு மருந்தே இல்லை, பிடுங்கிப் போடுங்க. 2021-22-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளை ஒரு புது இலைப்பேன் துவம்சம் பண்ணியது ஞாபகம் இருக்கா? நமக்கு ஒரு தொட்டி போனால் ஒரு மண்ணள்ளிப் போட்டு அடுத்த செடி. அவங்களுக்கு வருஷமே போச்சு. செடியில் ஒரு இலை சுருளுறதை தினம் நின்னு பாத்தவனுக்குத்தான் அந்தச் செய்தியோட கனம் புரியும். சுமாரா நாலு கிலோ பழம் காய்ந்தால்தான் ஒரு கிலோ வத்தல் தேறும். ஒவ்வொரு பழமும் யாரோ குனிஞ்சு பறிச்சது. இது தெரிஞ்சபிறகு வத்தல் விலை ஏறிடுச்சுன்னு கடையில் புலம்ப எனக்கு வாய் வர்றதில்லை.

கடைசியா, இந்தப் பதிவை எழுதவே காரணமான விஷயம். எங்க அப்பத்தா விதைக்குன்னு பழம் எடுக்கிறதைப் பாத்திருக்கேன். முதல் பறிப்பைத் தொடமாட்டாங்க. ரெண்டாவது பறிப்பில், நோய் இல்லாத செடியா பார்த்து, அதில் உருண்டு திரண்ட பழமா பார்த்துத் தனியா காயவைத்து, சாம்பல் கலந்து டப்பாவில் போடுவாங்க. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வருஷா வருஷம் அவங்க செஞ்சது தேர்வு. எந்தச் செடி அடுத்த வருஷமும் இருக்கலாம் என்று அவங்க முடிவு பண்ணினாங்க. அவங்க போயிட்டாங்க. எங்க வீட்டில் இப்ப யாரும் விவசாயம் பண்றதில்லை, அந்தக் கொல்லையில் சீமைக்கருவேலம்தான் நிக்குது. டப்பா மட்டும் இருந்தது. மிளகாய் விதை நம்ம ஊர் சூட்டில் சும்மா கிடந்தால் ரெண்டு மூணு வருஷத்தில் செத்துப்போயிடும். போட்டோ மாதிரி ஆல்பத்தில் வைத்துப் பத்திரப்படுத்த முடியாது. வளர்த்தால்தான் இருக்கும். பேக்கப் எடுக்கணும்னா முளைக்க வைக்கிறதைத் தவிர வேற வழியே கிடையாது. நான் போட்ட நாப்பதில் முளைத்தது ஒன்பது. அந்த ஒன்பதும் இப்ப மாடியில் நிக்குது.

நாலு தொட்டியில் ஒரு ரகத்தையே காப்பாத்திட முடியும்னு நான் கதை விடலை. அதுக்கு நூத்துக்கணக்கில் செடி வேணும், காடு வேணும், சம்சாரி வேணும். ஆனால் விதை எடுக்கிற பழக்கம் தப்பிப்பிழைக்க நாலு தொட்டி போதும். பழக்கம் இருந்தால் ஒருநாள் காடும் வரலாம்.

பி.கு: பக்கத்துத் தொட்டியில் வேற மிளகாய் இருந்தால் பூச்சி மகரந்தத்தைக் கலந்து விட்டுவிடும். விதைக்குன்னு நினைக்கிற மொட்டுகளை விரியும் முன்னாடியே மெல்லிய வலைத்துணிப் பையில் கட்டி, தினம் லேசா ஆட்டி விடுங்க. காய் பிடிச்சதும் பையை எடுத்துட்டு ஒரு நூல் கட்டி அடையாளம் வைங்க. அந்தப் பழத்தை மட்டும் குழம்புக்குப் பறிக்கக் கூடாதுன்னு வீட்டில் கறாரா சொல்லி வைக்கணும், அதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை!