ஒரே ஒரு பல்பு தானே! உயிருக்கு உலை வைக்கும் மோட்டார் கொட்டாய் ஒயர்

விழுப்புரம்–

"ஒரே ஒரு பல்பு தானே! இதுக்குப் போய் கரண்ட் ஆபீசுக்கு அலையணுமா?"

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கொல்லையில் மோட்டார் வைத்திருப்பவர்களிடம் சகஜமான பேச்சு இது. மோட்டார் கொட்டாயில் இருந்து ஒரு ஒயர் கிளம்பும். வேப்ப மரத்தில் ஒரு சுற்று. மூங்கில் கொம்பில் ஒரு சுற்று. மாட்டுக் கொட்டாயில் பல்பு எரியும். அப்படியே வீட்டுக்கும் போகும். பல இடங்களில் மீட்டர் கிடையாது. பில் கிடையாது. கேட்பாரும் கிடையாது!

இலவச மின்சாரம் விவசாயிக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. 1984–ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு வந்தது. 1990–ல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது. அதில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் அது தண்ணீர் இறைக்கக் கொடுத்த கரண்ட்.

150 வாட் வரை விளக்கு

கொட்டாயில் விளக்கே கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. பலருக்கு இது தெரியாது. மோட்டாரின் ஒவ்வொரு 1000 வாட்டுக்கும் 50 வாட் வீதம், அதிகபட்சம் 150 வாட் வரை விளக்கு போட்டுக்கொள்ள மின் கட்டண விதியிலேயே இடம் இருக்கிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் முழுசாக 150 வாட். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பு இரண்டோடு சரி. இப்போது 9 வாட் எல்.இ.டி. 16 போடலாம். ஒரு மோட்டார் கொட்டாய்க்கு இதற்கு மேல் என்ன வெளிச்சம் வேண்டும்?

அதே ஒயரை வீட்டுக்கோ டீக்கடைக்கோ இழுத்தால் கதை வேறு. 2003–ம் வருட மின்சாரச் சட்டம் 126–வது பிரிவு பாயும். எந்த இனத்துக்குக் கரண்டைத் திருப்பினார்களோ அந்தக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்டவேண்டும். எப்போது இழுத்தது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். வீட்டு இணைப்புக்கு 2016–ல் இருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு பல்பு, ஒரு மின்விசிறிக்கு அதுவே போதும். பிறகு எதற்கு இந்தத் திருட்டு ஒயர்?

எர்த்தே நியூட்ரல்!

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர்?

சில கொட்டாய்களில் விளக்குக்கு நியூட்ரல் ஒயர் இருக்காது. ஒரு பேசில் இருந்து கரண்டை எடுத்து, மறுமுனையை மோட்டாரின் எர்த் கம்பியிலேயே முறுக்கி விடுகிறார்கள். பல்பு பிரமாதமாக எரியும். கோடையில் எர்த் குழி காய்ந்தாலோ, கம்பி துருப்பிடித்து அறுந்தாலோ, பல்பு வழியாக வரும் கரண்ட் மோட்டாரின் இரும்பு உடம்பில் ஏறி நிற்கும். விடியற்காலையில் ஈரக் காலோடு சுவிட்சு போட வருபவர் கையை வைத்தால் தீர்ந்தது.

மோட்டார் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் வேண்டும் என்பது விதி. எத்தனை கொட்டாயில் இரண்டு இருக்கிறது? ப்யூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது ப்யூஸே அல்ல.

30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி கடையில் கிடைக்கிறது. அதை மாட்டினால் எர்த்தில் முறுக்கிய பல்பு எரியவே எரியாது. அதுவே ஒரு சோதனை!

காட்டுப் பன்றிக்கு வேலி என்று இதே கொட்டாயில் இருந்து கம்பி இழுப்பவர்களுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. பன்றிக்கு வைத்ததில் மனுஷன் விழுகிறான். செய்தவர் ஜெயிலுக்குப் போகிறார். இரண்டு குடும்பம் நடுத்தெருவில்.

அதிகாரிகளுக்கும் பொறுப்பு உண்டு

தப்பு முழுக்க விவசாயி தலையில்தானா? 150 வாட் விதி கட்டண உத்தரவுக்குள் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. பிரிவு அலுவலகச் சுவரில் நாலு வரி தமிழில் எழுதி வைக்க எவ்வளவு பெயிண்ட் செலவாகும்? கொல்லையில் குடியிருப்பவர் வீட்டு இணைப்பு கேட்டு வந்தால், "அந்தப் பேப்பர் கொண்டா, இந்தப் பேப்பர் கொண்டா" என்று விரட்டாமல் ஒரே தடவையில் சொல்லி அனுப்பினால் பாதி ஒயர் தானாகக் கீழே இறங்கிவிடும்.

2024 டிசம்பர் முதல் தேதி, பெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை கரை புரண்டது. அப்படி வெள்ளம் புகுந்த கொட்டாயில், தண்ணீர் வடிந்ததும் நேராகப் போய் சுவிட்சைத் தட்டக் கூடாது. உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு, மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் காயவைத்து, எர்த்தைச் சோதித்த பிறகே தட்டவேண்டும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னாலேயே ஊர் ஊராக முகாம் போட்டு இந்தச் சோதனையைச் செய்து கொடுக்க மின்வாரியத்துக்கு என்ன தடை?